செங்கல்பட்டு ஏரியாவில் ஒரு கௌபாய்: ஜெய்சங்கரின் திரைவாழ்வு

1965ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு, ஜனவரி 14 அன்று, எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை' வெளியானது. சிவாஜி கணேசனின் 'பழநி'யும் அன்றுதான் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, யாருக்கும் முகம் தெரியாத ஓர் இளைஞரைக் கதாநாயகனாகப் போட்டு ஜோசப் தளியத் எடுத்த 'இரவும் பகலும்' படமும் அதே நாளில் கொட்டகைக்கு வந்தது. வியாபாரம் தெரிந்த எவரும் செய்யத் தயங்கும் காரியம் அது. ஆனாலும் படம் பிழைத்தது. டி.ஆர்.பாப்பா இசையில் எஸ்.ஏ.அசோகன் சொந்தக் குரலில் பாடிய பாட்டும் பேசப்பட்டது. புதுமுகத்தின் பெயர் சங்கர். அதை ஜெய்சங்கர் ஆக்கியவர் தளியத்.

1938 ஜூலை 12 அன்று பிறந்தவர். சென்னை நியூ காலேஜில் பட்டம் பெற்று, சட்டப் படிப்பில் சேர்ந்து, நடிப்பாசையால் அதைப் பாதியில் விட்டவர். சோ ராமசாமியின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகங்களில் சின்ன வேடங்கள், பிறகு கல்கி ஃபைன் ஆர்ட்ஸ் மேடை என்று போய்க்கொண்டிருந்தவருக்கு 26 வயதில் சினிமா கிடைத்தது. கிடைத்த ஆண்டிலேயே 'பஞ்சவர்ணக்கிளி', 'நீ', 'எங்க வீட்டுப் பெண்', 'குழந்தையும் தெய்வமும்' என்று மேலும் நான்கு படங்கள். கடைசிப் படம் ஏவி.எம். தயாரிப்பு, தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் இன்று ஜெய்சங்கர் என்றால் நினைவுக்கு வருவது இரண்டு வேஷம்தான். ஒன்று 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்'. இன்னொன்று தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரைமேல் வரும் கௌபாய். இரண்டையும் சொல்லும்போது தமிழர்கள் ஒரு சிரிப்போடுதான் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துச் செய்த மலிவான நகல் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். இந்தச் சிரிப்பு நியாயமற்றது என்பது என் கட்சி. காதால் கேட்கும் கலையாகவே வளர்ந்த தமிழ்ப் படத்தைக் கண்ணால் பார்க்கும் கலையாக்க, குறைந்த பணத்தில், பெரிய பெயர்களின் தயவில்லாமல் நடந்த முயற்சிகளில் ஒன்று அந்தக் கௌபாய்ப் படங்கள். அதற்கு வேறெந்தக் கதாநாயகனும் அன்று கிடைத்திருக்க மாட்டார். ஏன் என்று பார்க்க, சினிமா வியாபாரத்தின் வரைபடத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். செம்பாக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அது எளிது.

செம்பாக்கத்துக்காரர்கள் ஊர் கேட்டால் சென்னை என்போம். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளோடு செம்பாக்கம் நகராட்சியும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் சினிமா வியாபாரிகளின் கணக்கில் நாங்கள் என்றைக்கும் சென்னை கிடையாது. தமிழ்நாட்டை அவர்கள் ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள்: சென்னை நகரம் தனி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு சேர்ந்து ஒன்று, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சை, நெல்லை-கன்னியாகுமரி என்று மற்றவை. தாம்பரமும் அதைச் சுற்றிய ஊர்களும் செங்கல்பட்டு ஏரியா. தாம்பரம் எம்.ஆர்., வித்யா, நேஷனல், குரோம்பேட்டை வெற்றி என்று இந்தப் பக்கத்தார் வாயில் புழங்கும் தியேட்டர் பெயர்கள் எல்லாம் வியாபாரக் கணக்கில் மவுண்ட் ரோட்டோடு சேராதவை.

இந்தப் பிரிவினைதான் ஜெய்சங்கர் போன்ற ஒரு நடிகரை வாழவைத்தது. சொந்தப் பணம் அதிகம் இல்லாத தயாரிப்பாளர், கதாநாயகன் பெயரைச் சொல்லி, படம் முடியும் முன்பே ஒவ்வோர் ஏரியாவையும் விநியோகஸ்தருக்கு விற்பார். வந்த முன்பணத்தில் அடுத்த கட்டப் படப்பிடிப்பு நடக்கும். விநியோகஸ்தர் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த முகத்துக்கு இந்த ஏரியாவில் எவ்வளவு நிச்சயம்? எம்.ஜி.ஆர்., சிவாஜி பெயருக்குக் கிடைக்கும் தொகை பெரிது. ஆனால் அவர்களின் கால்ஷீட் சிறு தயாரிப்பாளருக்கு எட்டாது. ஜெய்சங்கர் பெயருக்குக் கிடைக்கும் தொகை நடுத்தரம், ஆனால் உறுதி. 'மினிமம் கேரண்டி' என்று கோடம்பாக்கம் சொன்ன அந்தக் கணக்குக்கு அவர் பொருத்தமான ஆள். சொன்ன நாளுக்கு வருவார், படம் சொன்ன நாளில் முடியும், வெள்ளிக்கிழமை திரைக்கு வரும். அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் அவர் படங்கள் வந்ததால் 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்றே ஒரு பெயர் விழுந்தது. சம்பள பாக்கியைக் கறாராகக் கேட்டு வாங்காதவர் என்றும் திரையுலகில் பேச்சுண்டு. நல்ல மனசு என்பதோடு, அந்த வியாபாரம் ஓடுவதற்கு வேண்டிய எண்ணெயும் அதுதான்.

தமிழ் நாடகத்துக்கும் இந்தப் புறநகருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஜெய்சங்கர் வந்த பாதையைப் புரிந்துகொள்ள அது உதவும். எங்கள் மாநகராட்சியின் இன்னொரு மூலையில் இருக்கும் பம்மலைத் தன் பெயரோடு சுமந்தவர் சம்பந்த முதலியார் (1873–1964). 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் வக்கீல்களும் அரிதாரம் பூசுவதை மரியாதைக்குரிய காரியமாக்கியவர். தானும் வக்கீலாக இருந்து நீதிபதியானவர். பாட்டுக்குப் பாட்டு என்று போய்க்கொண்டிருந்த மேடைக்கு உரைநடை வசனத்தைக் கொண்டுவந்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழ் மேடையில் நடமாட விட்டவரும் அவரே. அவர் இறந்தது 1964 செப்டம்பரில். நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், சட்டம் படிக்கப் போய் சபா நாடகத்தில் தங்கிவிட்ட ஓர் இளைஞன் வெள்ளித்திரைக்கு வந்தான். படித்த நடுத்தர வர்க்கத்துப் பையன் நடிகனாகலாம் என்ற வழியைப் போட்டது பம்மலார் மரபு. மேல்நாட்டுச் சரக்கைத் தயங்காமல் எடுத்துத் தமிழ் உடுப்பு மாட்டிவிடலாம் என்ற துணிச்சலும் அந்த மரபில் உண்டு. ஹாம்லெட்டுக்குக் கைதட்டியவர்கள் கௌபாய்க்குச் சிரித்தார்கள் என்றால், சரக்கு வந்த இடத்தின் மதிப்பு வேறு என்பதுதான் காரணம். ஷேக்ஸ்பியர் கல்லூரிப் பாடம். கௌபாய் செகண்ட் ஷோ.

ஜேம்ஸ்பாண்ட் வேஷம் சேலத்திலிருந்து வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம் 1963இல் மறைந்தபின் மகன் ஆர்.சுந்தரம் பொறுப்பேற்றார். அவர் இயக்கிய 'வல்லவன் ஒருவன்' (1966), பிரெஞ்சு உளவுப் படமொன்றைத் தழுவியது. 'இரு வல்லவர்கள்' (1966), 'காதலித்தால் போதுமா' (1967), 'நான்கு கில்லாடிகள்' (1969), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று அந்த நிறுவனத்தோடு உறவு நீண்டது. துப்பறியும் வேலைக்கு வேண்டிய கோட்டும் டையும் கல்லூரி வாசனையும் அவரிடம் இயல்பாகவே இருந்தன. எம்.ஜி.ஆர். கோட்டுப் போட்டால் எம்.ஜி.ஆராகவே இருப்பார், ஜெய்சங்கர் போட்டால் ஆபீசுக்குப் போகிற ஆள்போல இருப்பார். குறை மாதிரித் தெரியும் இதுதான் அவருடைய பலம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் என்றதும் ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. ஹாலிவுட்டின் அசல் கௌபாய் நடிகர் ஒருவர், ராட் கேமரன், ஜெய்சங்கருக்கு 13 ஆண்டு முன்பே தமிழ்ப் பட முதலாளியின் படத்தில் நடித்துவிட்டார். கனடாவில் பிறந்து, அமெரிக்க வெஸ்டர்ன் படங்களில் குதிரையேறிப் பிழைத்த அவர், மாடர்ன் தியேட்டர்ஸும் லிப்பர்ட் நிறுவனமும் சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' (1952) படத்தின் நாயகன். தமிழில் அது 'காடு'. அதில் அவர் தேடிப்போனது கொள்ளைக்காரனை அல்ல, மாமூத் (mammoth) யானைகளை. நம்மூர் யானைகளுக்கு ரோமம் ஒட்டி மாமூத் ஆக்கியிருந்தார்கள். அசல் கௌபாய் இங்கே வந்தபோது கௌபாய்ப் படம் எடுக்கத் தோன்றவில்லை. இருபது ஆண்டு கழித்து நம்மூர்ப் பட்டதாரிக்குத் தொப்பி மாட்டத் தோன்றியது.

இடையில் நடந்தது இத்தாலி. செர்ஜியோ லியோனே 1964க்கும் 1966க்கும் இடையில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வைத்து மூன்று படங்கள் எடுத்தார். இத்தாலிய இயக்குநர், ஸ்பெயினின் வறண்ட அல்மேரியா நிலம், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடித்துக்கொண்டிருந்த நடிகர். முதல் படத்தின் கதையோ ஜப்பானுடையது. அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ'வைச் சொல்லாமல் எடுத்ததற்காகத் தகராறாகிப் பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். ஆக, தமிழர்கள் பார்த்து எடுத்த 'அசல்' தானே ஒரு தழுவல். தமிழ் கௌபாயை நகல் என்று ஒதுக்குகிறவர்கள் லியோனேயைக் கலைஞர் என்று கொண்டாடுவது எந்தத் தராசில் நிறுத்து என்று எனக்குப் புரியவில்லை. சென்னையின் ஆங்கிலப் பட ரசிகர்களுக்கு இந்த ரகம் பிடித்துப்போயிருந்தது. 'மெக்கன்னாஸ் கோல்ட்' (1969) அமெரிக்காவில் சுமாராகப் போனாலும் இந்தியாவில் ஓடோ ஓடென்று ஓடியது. வசனம் புரியாவிட்டாலும் பார்க்க முடிகிற படம் என்பதே அதற்குக் காரணம்.

அந்தக் காரணத்தைச் சரியாகப் பிடித்தவர் எம்.கர்ணன். தொழிலால் ஒளிப்பதிவாளர். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' (1963) அவர் ஒளிப்பதிவு செய்தது. கோபாலகிருஷ்ணன் படம் என்றால் வசனம். குடும்பமே கூடத்தில் நின்று பேசித் தீர்க்கும். அதன் முன் கேமராவோடு நின்ற மனிதர், தானே இயக்க வந்தபோது பேச்சே தேவைப்படாத ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். இது தற்செயலாக இருக்க முடியாது. அவர் 'காலம் வெல்லும்' (1970) படத்தில் ஜெய்சங்கரைப் பிடித்தார். 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று ஒரே ஆண்டில் இரண்டு. 1975இல் சிவகுமாரையும் சேர்த்துக்கொண்டு 'எங்க பாட்டன் சொத்து'. நான்குக்கும் இசை சங்கர்-கணேஷ். தமிழ் கௌபாய் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஐந்தாண்டு, இந்தக் கூட்டணி.

கர்ணனுக்குப் பிடித்தது தாழ்கோணம். கேமராவைத் தரையோடு தரையாக வைத்துவிட்டு, குதிரையை அதன் மேலேயே ஏவிவிடுவதுபோலக் காட்சி அமைப்பார். முதலில் வெறும் மண்தரை. பிறகு குளம்புச் சத்தம். குளம்பு ஃபிரேமின் ஓரத்தில் நுழைந்து, நடுவில் பெரிதாகி, திரையை மறைத்துவிட்டுப் போகும். பின்னாலேயே வரும் புழுதி மறைத்ததை மறுபடி மறைக்கும். புழுதி அடங்கும்வரை வெட்டாமல் காத்திருந்து, அடங்கியதும் தொப்பி தெரியும். இந்தச் சில விநாடியில் கதையில் எதுவும் நகரவில்லை. ஆனால் கொட்டகையில் முன்வரிசையில் இருந்தவன் காலை இழுத்துக்கொண்டிருப்பான். ஜெனரேட்டரும் பெரிய செட்டும் கேட்காத காட்சி அது. வெயில் இருக்கிறது, வெயிலைத் திருப்ப ரிஃப்ளெக்டர் இருக்கிறது, குதிரையும் குதிரையிலிருந்து விழத் தெரிந்த ஸ்டண்ட்காரரும் வேண்டும், அவ்வளவுதான். ஸ்டூடியோ ஃப்ளோருக்கு நாள் வாடகை கொடுத்து மாளாத சிறு தயாரிப்பாளருக்குப் பொட்டல் காட்டைவிட மலிவான செட் எது?

அந்தத் தொப்பிக்குக் கீழே ஜெய்சங்கரின் முகம் எப்படி வேலை செய்தது என்பதும் கவனிக்க வேண்டியது. அவருக்குச் சின்னக் கண். நடிக்க வாய்ப்புத் தேடிய காலத்தில் அதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. தமிழ்ப் படத்தில் கண் என்பது வசனத்துக்கு அடிக்கோடு போடுகிற கருவி. சிவாஜியின் கண் பேசும், எம்.ஜி.ஆரின் கண் சிரிக்கும். கௌபாய் ரகத்தில் கண் பேசக் கூடாது. வெயிலில் இடுங்கி, தொப்பி விளிம்பு நிழலில் பாதி மறைந்து, என்ன நினைக்கிறான் என்று எதிராளிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். ஈஸ்ட்வுட் முயன்று வரவழைத்த இடுங்கல் ஜெய்சங்கருக்குப் பிறவியிலேயே இருந்தது. சபா நாடகத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய மனிதர், வாயை மூடிக்கொண்டு குதிரையில் உட்கார்ந்திருக்கச் சம்மதித்தது சின்ன விஷயமில்லை. 'கங்கா'வுக்கு முந்தைய ஆண்டுதான் கே.பாலசந்தரின் 'நூற்றுக்கு நூறு' (1971) படத்தில், மாணவிகளின் புகாருக்கு ஆளாகிக் குன்றிப்போகும் கணிதப் பேராசிரியராக, முழுக்க வசனத்தை நம்பிய பாத்திரத்தில் அவர் நடித்திருந்தார். அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு எது என்று கேட்டால் நான் அதையே சொல்வேன். அடுத்த ஆண்டே 'கங்கா'. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதைத் தமிழ் விமர்சனம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் படங்கள் நடக்கும் ஊர் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அங்கே பஸ் வராது, ரேஷன் கடை கிடையாது, தாசில்தார் இல்லை. போலீஸ் வந்தால் கடைசிக் காட்சியில். யாருக்கும் துப்பாக்கி லைசன்ஸ் கேட்கப்படாது. மாடு மேய்ப்பவன் கதை என்று பெயர், மாடு கண்ணில் படாது. ஆனால் சாமி உண்டு, தாலி உண்டு, அப்பனைக் கொன்றவனைப் பழிவாங்கும் சபதம் உண்டு. கம்பளத்து நாயக்கர்களின் குலதெய்வமும் குடுகுடுப்பைக்காரர்கள் விளித்துக் குறிசொல்லும் தெய்வமுமான ஜக்கம்மாவின் பெயரைக் கௌபாய்ப் படத்துக்கு வைக்கக் கர்ணன் தயங்கவில்லை. 1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்து, 1972இல் எம்.ஜி.ஆர். அதிலிருந்து விலக்கப்பட்டு அ.தி.மு.க. தொடங்கிய காலம் இது. திரையில் வந்த ஒவ்வொரு சட்டை நிறத்திலும் கட்சி தேடிய காலம். அந்தச் சமயத்தில் கட்சியும் கொடியும் இல்லாத ஓர் ஊரைத் திரையில் கட்டியது தப்பித்தலா, ஆறுதலா என்று வாதாடலாம். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் ஷிப்டு வேலைக்குப் போய்வந்த தொழிலாளிக்கு இரண்டரை மணி நேரம் யாரும் உபதேசம் செய்யாத படம் தேவைப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது. கதைகள் ஒன்றுபோல ஒன்று. பெண்களுக்கு அழுவதும் ஆடுவதும் தவிர வேலை இல்லை. பாட்டுகளில் அவர்கள்மேல் கேமரா மேய்ந்த விதம் இன்று பார்க்கும்போது முகம் சுளிக்க வைக்கிறது. நகைச்சுவை என்று ஒட்டப்பட்ட பகுதிகள் குதிரையின் வேகத்தைக் கெடுக்கின்றன. மண்ணோடு மண்ணாகக் கேமராவை வைத்த கர்ணன், எழுதப்பட்ட பக்கத்தின்மேல் அந்த அளவு அக்கறை காட்டவில்லை.

ஆந்திரப் பக்கம் என்ன நடந்தது என்று ஒப்பிட்டால் ஜெய்சங்கரின் நிலைமை தெளிவாகும். 1971 ஆகஸ்டில் கிருஷ்ணா நடித்து, கே.எஸ்.ஆர்.தாஸ் இயக்கிய 'மோசகாள்ளக்கு மோசகாடு' வந்தது. ராஜஸ்தான் பாலைவனம்வரை போய் எடுத்த வண்ணப் படம். பத்மாலயா அவர்கள் குடும்ப நிறுவனம். படம் ஜெயித்தது, மற்ற மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் டப் ஆகிப் போனது. வந்த லாபம் அடுத்த படத்துக்கு முதலானது. பிறகு சொந்த ஸ்டூடியோவே எழுந்தது. அங்கே கௌபாய் வேஷம் பரம்பரைச் சொத்தாகவும் மாறியது: சிரஞ்சீவி 'கொடம சிம்ஹம்' (1990) செய்தார், கிருஷ்ணாவின் மகன் மகேஷ் பாபு 'டக்கரி தொங்க' (2002) செய்தார். கிருஷ்ணா முதலாளி; ஜெய்சங்கர் சம்பளக்காரர். படம் ஓடினால் விநியோகஸ்தருக்கும் தயாரிப்பாளருக்கும் லாபம். அவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. தன் பெயரில் உருவான ஒரு ரகத்தைப் பணம் போட்டு வளர்க்கும் அதிகாரம் அவர் கையில் இருந்ததில்லை. தமிழ் கௌபாய் ஐந்தாண்டில் நின்றுபோனதற்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணம் 'ஷோலே'. 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்த அந்தப் படம், பெங்களூரை அடுத்த ராமநகரத்துப் பாறைகளில், 70 எம்.எம். திரையில், வெளிநாட்டு ஸ்டண்ட் குழுவை வைத்துக் குதிரையையும் ரயிலையும் ஓட்டிக் காட்டியது. 'எங்க பாட்டன் சொத்து' வந்ததும் அதே ஆண்டுதான். ஒருமுறை அந்த அளவில் பார்த்துவிட்ட கண்ணுக்குச் சின்ன பட்ஜெட் புழுதி போதாமல் போயிற்று. மூன்று ஆண்டு கழித்து தேவர் பிலிம்ஸ் ரஜினிகாந்துக்குக் கௌபாய் உடுப்பு மாட்டி 'தாய் மீது சத்தியம்' (1978) எடுத்தபோது, அது ரஜினி படமாகத்தான் பார்க்கப்பட்டது.

ஜெய்சங்கரின் பின்பாதியை வீழ்ச்சி என்று எழுதுவது வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1978இல் மு.கருணாநிதி எழுதிய 'வண்டிக்காரன் மகன்' படத்தில் நடித்தார். ஆனால் அரசியல் மேடையை அடுத்த தொழிலாக்கிக்கொள்ளவில்லை. 1980 டிசம்பரில் ஏவி.எம்.மின் 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்கு வில்லனாக வந்தார். பதினைந்து ஆண்டு கதாநாயகனாக இருந்தவர் 42 வயதில் வில்லனாகச் சம்மதிப்பது தமிழ் சினிமாவில் அன்று அபூர்வம். இதை அவமானமாக அவர் நினைத்திருந்தால் அடுத்த இருபது ஆண்டு கிடைத்திருக்காது. 'ஊமை விழிகள்' (1986) தரமணித் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒன்றுசேர்ந்து எடுத்த படம். அதில் அவர் பத்திரிகை ஆசிரியர். அனுபவமில்லாத இளைஞர்களின் பட்ஜெட்டுக்கு ஒத்துவரும் மூத்த நடிகர் வேண்டியிருந்தபோது வந்தவர் அவர்தான். 1965இல் தளியத் தன்மேல் வைத்த பந்தயத்தை அவர் திருப்பி இன்னொருவருக்கு வைத்ததுபோல இருந்தது அது. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வில்லன்களில் ஒருவர். 'தளபதி' (1991) படத்தில் ஸ்ரீவித்யாவின் கணவர், அரவிந்த்சாமியின் அப்பா. அந்தப் படத்தில் மனைவியின் பழைய ரகசியத்தை அறிந்து, அதைக் கோபமாக்காமல் சுமக்கும் மனிதராக அவர் முகத்தைக் கவனியுங்கள். வாயை மூடிக்கொண்டு நடிக்கக் குதிரைமேல் கற்ற பாடம் இங்கே பயன்பட்டிருக்கிறது. 2000 ஜூன் 3 அன்று சென்னையில் இறந்தார், வயது 61.

தமிழ் கௌபாய் திரையிலிருந்து இறங்கியபின் எங்கே போனான்? காமிக்ஸுக்கு. 'கங்கா' வந்த அதே 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியது. பிறகு லயன் காமிக்ஸ். சிஸ்கோ கிட், டெக்ஸ் வில்லர் என்று இத்தாலி, அமெரிக்கக் குதிரைவீரர்கள் தமிழ் பேசிக்கொண்டு பெட்டிக்கடையில் தொங்கினார்கள். டெக்ஸ் வில்லர் இன்றும் தமிழில் வருகிறார். கொட்டகையில் நின்றுபோன ரகத்தை வாசகர்கள் கைவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கார்ட்டூனிஸ்டாக இருந்து இயக்குநரான சிம்புதேவன், ராகவா லாரன்ஸை வைத்து 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010) எடுத்தபோது, கதாநாயகனின் ஊருக்கு வைத்த பெயர் ஜெய்சங்கர்புரம். கிண்டலும் மரியாதையும் கலந்த பெயர். ஜெய்சங்கருக்குத் தமிழ்ப் படம் செய்த நேரடி மரியாதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதையும் சிரிப்போடுதான் செய்தது.

ஆய்வாளர்கள் எம்.ஜி.ஆர். பற்றி அலமாரி நிறைய எழுதிவிட்டார்கள். சிவாஜி பற்றியும் உண்டு. வாரம் ஒரு படமாகத் தமிழ்நாட்டுக் கொட்டகைகளை ஓடவைத்த நடுத்தர நாயகர்கள் பற்றி, அவர்களின் ஏரியாக் கணக்கு பற்றி, கர்ணன் போன்ற ஒளிப்பதிவாளர்-இயக்குநர்கள் பற்றி எழுதச் சான்றுகள் வேண்டும். பெரிய நடிகர்களின் காகிதங்களை ரசிகர் மன்றங்கள் காப்பாற்றும். ஜெய்சங்கர் படங்களின் பாட்டுப் புத்தகம், தெருவில் வீசிய நோட்டீஸ், தியேட்டரின் தினசரி வசூல் கணக்கான டிசிஆர் தாள் ஆகியவற்றைக் காப்பாற்ற எந்த மன்றமும் இல்லை. அவை இருந்தால் செங்கல்பட்டு ஏரியாவின் பழைய தியேட்டர் ஊழியர்கள், விநியோக ஆபீஸில் வேலை பார்த்தவர்கள், வாடகை சைக்கிளில் போஸ்டர் ஒட்டப் போனவர்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், செம்பாக்கம் பக்கத்தில் அப்படி எதையாவது வைத்திருப்பவர்கள் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் பாதுகாக்கும் இடம். அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.